கோட்டையூர்ப் பந்தலில் குடித்த நீர்மோர்

தைப்பூசம் கழிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடியில் முதன்முறையாக ஒரு மாரத்தான் ஓட்டம் நடந்தது. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் இரவுப் பேருந்தில் போய் ஓடிவிட்டு வந்துகொண்டிருந்த எங்களைப் போன்ற சிலருக்கு, 2024ஆம் ஆண்டில் எங்கள் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது முதலே, ‘நம் ஊரிலும் ஒன்று நடக்காதா’ என்ற ஏக்கம் இருந்தது. அது நடந்தேவிட்டது. நான் அரை மாரத்தான் ஓடினேன். சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, முழு மாரத்தான் ஓடினான். என்னோடு பள்ளியில் பணியாற்றும் தமிழாசிரியை தம் வாழ்நாளில் முதன்முறையாக 10 கிலோமீட்டர் ஓடினார். அன்றிலிருந்து மூவரும் சந்திக்கும்போதெல்லாம் அதையே பேசுகிறோம். பேச்சு எங்கே தொடங்கினாலும், கோட்டையூரைத் தாண்டிச் சாலையோரத்தில் போட்டிருந்த ஒரு நீர்மோர்ப் பந்தலில் வந்து நிற்கிறது. அதனால்தான் இதை எழுதிவைக்கத் தோன்றியது.

நான் வேதியியல் ஆசிரியை. ஏழு ஆண்டுகளாக விடியலில் ஓடுகிறேன். தொடக்கத்தில் கணவர் ஸ்கூட்டரில் பின்னால் வர, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, அழகப்பா வளாகத்துச் சாலைகளில் நடந்தும் ஓடியும் பழகினேன். இன்று அதே சாலைகளில் விடிவதற்கு முன்பே பத்துப் பன்னிரண்டு பெண்களைப் பார்க்கலாம். ஆண்களுக்கு 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே மாரத்தான் இருந்தது. பெண்களுக்கு அது வைக்கப்பட்டதோ 1984இல், லாஸ் ஏஞ்சலஸில்தான். நான் பிறந்ததும் அதே ஆண்டு. இடையில் எண்பத்தெட்டு ஆண்டுகள் என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் நம்ப மறுக்கிறார்கள். ஆகவே அன்று தொடக்கக் கோட்டருகே, அரசுப் பள்ளி மாணவிகள் முதல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரை, பெண்கள் மட்டுமே நூறு பேருக்குக் குறையாமல் நிற்பதைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முழு ஓட்டம் நாலரை மணிக்கும், அரை ஓட்டம் ஐந்தரைக்கும், 10 கிலோமீட்டர் ஆறேகாலுக்கும் தொடங்கின. தொடக்கத்தில் சிறிது தள்ளுமுள்ளு இருந்தது. மார்பில் குத்திய எண் அட்டையின் பின்புறம் ஒட்டியிருக்கும் சிப், கோட்டின் மேல் விரித்த ரப்பர் விரிப்பைக் கடக்கும் நொடியிலிருந்துதான் அவரவர் நேரத்தைக் கணக்கிடுகிறது என்பதையும், பின்னால் நிற்பதால் எவருக்கும் ஒரு நொடிகூட நட்டமில்லை என்பதையும் ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொல்லியிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

பாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை, எங்கள் ஊர் வழக்கில் சிக்ரியை, இருட்டிலேயே கடந்து, செக்காலைப் பக்கம் தேநீர்க் கடைகள் பாய்லரைப் பற்றவைக்கும் நேரத்தில் ஊருக்குள் நுழைந்து, கிழக்கு வெளுக்கும்போது கோட்டையூர்ச் சாலையில் ஏறினோம். வள்ளல் அழகப்பர் 1909இல் பிறந்த ஊர் கோட்டையூர். அவர் கொடுத்த நிலத்தில் எழுந்த வளாகத்தில் தொடங்கி, அவர் பிறந்த ஊரைத் தொட்டு, பள்ளத்தூர் எல்லையில் திரும்பும் பாதை தற்செயலாக அமைந்ததா, யோசித்து வகுக்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும் அதை வகுத்தவர்களுக்கு என் நன்றி.

வழியில் செட்டிநாட்டு வீடுகளை ஓடிக்கொண்டே பார்ப்பது புது அனுபவம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டைக் காரில் கடந்தால் அதன் நீளம் மனத்தில் பதியாது. ஓடும்போது, முகப்பிலிருந்து பின்கட்டு முடியும் வரை எத்தனை மூச்சு ஆகிறது என்பது உடம்புக்குத் தெரிகிறது. பூட்டியே கிடக்கும் வீடுகள் பல. ஆனால் அன்று சில வீடுகளின் முகப்பில் விளக்கு எரிந்தது. திண்ணையில் வயதான ஆச்சிமார் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆச்சி கையை உயர்த்தி, “மெதுவாப் போத்தா, கால் பதனம்” என்றார். நான் ஓடிய எந்த ஊர் ஓட்டத்திலும் எனக்கு இப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். அமைப்பாளர்கள் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். அங்கே மூடி திறக்காத சிறு பிளாஸ்டிக் பாட்டில்கள் இருந்தன. ஓடிக்கொண்டிருப்பவர் பாட்டிலை வாங்கி, வியர்த்த கையால் மூடியைத் திருகித் திறந்து, இரண்டு வாய் குடித்துவிட்டு மீதியை என்ன செய்வார்? ஓரத்தில் வீசுவார். ஆறாவது கிலோமீட்டர் மேசையைத் தாண்டியதும், முக்கால் பாகம் நிரம்பிய பாட்டில்கள் சாலையெங்கும் உருண்டு கிடந்தன. மழையை நம்பி ஊருணி வெட்டி, கூரையில் விழும் நீரைக்கூட வீணாக்காமல் பாத்திரத்தில் பிடித்துவைத்து வாழ்ந்த ஊர்க்காரியாகிய எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு ஓட மனம் வரவில்லை. அப்படி வீசப்பட்ட நீர், சில மணி நேரம் கழித்து வெயிலில் வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

கோட்டையூரைத் தாண்டியதும், எட்டாவது கிலோமீட்டர் அருகில், வேப்பமரத்தடியில் தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று இருந்தது. அமைப்பாளர்களின் பதாகை அங்கே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிய நாலைந்து பெரியவர்களும், சில பெண்களும், இரண்டு பையன்களும் நின்றார்கள். போகும்போது நான் நிற்கவில்லை. நேரக் கணக்கு தலையில் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது, பதின்மூன்றாவது கிலோமீட்டரில், வெயில் முகத்தில் அறைய, வலது கெண்டைக்கால் இழுக்கத் தொடங்கியிருந்தது. பந்தலைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பத்தடி முன்னதாகவே சாலையோரத்துக்கு வந்து, பாதி நிரப்பிய எவர்சில்வர் டம்ளரை நீட்டினார்.

“நின்னு குடிச்சிட்டுப் போங்க ஆச்சி. ஓடிக்கிட்டே குடிச்சா வயித்தைப் பிடிக்கும்.”

நின்றேன். உப்புத் தூக்கலான நீர்மோர். இஞ்சியும் கறிவேப்பிலையும் நசுக்கிப் போட்டு வடிகட்டியிருந்தார்கள். குடித்து முடித்ததும் இன்னொரு டம்ளர் கேட்டேன். அவர் தரவில்லை. “இப்ப இது போதும். ரெண்டு நிமிசம் நடங்க, அப்புறம் ஓடுங்க” என்றவர், என் காலைக் கவனித்துவிட்டுத் திண்டைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒரு பெண் வெதுவெதுப்பான நல்லெண்ணெயைக் கெண்டைக்காலில் மேலிருந்து கீழாக நீவிவிட்டார். பக்கத்தில் காலுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு இளைஞனின் குதிகால் கொப்புளத்தை உடைக்காமல், சுற்றிலும் சுத்தமான துணியை வளையமாக வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார் இன்னொருவர். ஒருவரும் அவசரப்படவில்லை, ஒருவரும் புகைப்படம் எடுக்கவில்லை.

யார் இவர்கள் என்று கேட்டேன். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குப் பந்தல் போடுகிற குழு என்றார்கள். இந்த ஆண்டு யாத்திரை முடிந்து பாத்திரங்களையும் கீற்றுகளையும் எடுத்துவைத்திருந்த நேரத்தில், ‘இந்த வழியா நூத்துக்கணக்குல பிள்ளைக ஓடப்போகுதாம்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தாமாகவே வந்திருக்கிறார்கள்.

எங்கள் பகுதியைச் சேராதவர்களுக்கு ஒரு சொல். நகரத்தாரும் நாட்டாரும் காவடி சுமந்து குன்றக்குடியில் தொடங்கி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். அவர்களோடு எல்லா ஊர்க்காரர்களுமாகப் பல்லாயிரம் பேர் நடக்கிறார்கள், பெரும்பாலும் வெறுங்காலில். என் ஐயா முப்பத்தோரு முறை நடந்தவர். பொழுது ஏறுவதற்குள் பாதித் தொலைவை முடித்துவிட்டு, உச்சி வெயிலில் படுத்து எழுந்து, சாயங்காலம் மறுபடி நடப்பார்கள் என்றும், வழியில் யார் எதைக் கொடுத்தாலும் வயிறு முட்டக் குடிக்கக் கூடாது என்றும், கால் வலித்தால் உட்காரலாம், ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடக் கூடாது என்றும் அவர் சொல்வார். சிறுவயதில் இவையெல்லாம் விரத விதிகள் என்றே நினைத்திருந்தேன். நெடுந்தூரம் போகும் உடம்பைக் காப்பாற்றும் அறிவு அது என்று, ஓடத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

பந்தல் பெரியவர் இரண்டாவது டம்ளரை மறுத்ததற்கும் காரணம் உண்டு. வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. போனதை ஈடுசெய்கிறோம் என்று வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால், இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்துவிடும். தலைசுற்றல், குமட்டல், புத்தித் தடுமாற்றம் என்று தொடங்கி, முற்றினால் உயிருக்கே ஆபத்தாகும். மாரத்தானில் நாலைந்து மணி நேரம் ஓடும் மெதுவானவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். குடிப்பதற்கு அவர்களுக்குத்தானே அதிக நேரம் கிடைக்கிறது. ஒரு குடம் மோருக்கு எவ்வளவு உப்புப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். “ஒரு கைப்பிடி கல்லுப்பு” என்றார். வீட்டுக்கு வந்து என் கைப்பிடியை நிறுத்துப் பார்த்தேன்: 40 கிராம் வந்தது. குடம் 15 லிட்டர் என்று கொண்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு. அடுத்த நாள் பதினோராம் வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அன்று பாடம் முழுக்க அதுவாகவே போனது.

பந்தலுக்குப் பிறகு நான் நன்றாகவே ஓடினேன். 2 மணி 43 நிமிடத்தில் முடித்தேன். ஆனால் எல்லையைத் தாண்டியபோது என் கைக்கடிகாரம் 20.7 கிலோமீட்டர் என்றது. என்னோடு முடித்த மூவரின் கடிகாரங்களும் அதையொட்டியே காட்டின. ஜிபிஎஸ் கடிகாரங்கள் வளைவுகளில் தடுமாறுவதால் வழக்கமாக உண்மையான தொலைவைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். நால்வருக்கும் குறைவாகக் காட்டியதென்றால் பாதையே 21.1 கிலோமீட்டருக்குக் குறைவு என்றுதான் பொருள். இது அற்ப விஷயம் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் என்ற எண் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் பிறந்து 1921இல் உலகம் முழுவதற்கும் ஒரே அளவாக நிலைபெற்றதன் பயனே, எந்த ஊரில் ஓடினாலும் அது அதே தொலைவாக இருக்கும் என்ற உறுதிதான். அந்த உறுதிக்காகத்தான், அளவெடுப்பவர்கள் எஃகு நாடாவால் அளந்த நேர்ச்சாலையில் சைக்கிளை ஓட்டி, முன்சக்கரத்தில் பொருத்திய எண்ணியைச் சரிபார்த்து, பிறகு வளைவுகளில் ஓடுபவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே அதை உருட்டிப் போகிறார்கள். போதாக்குறைக்கு, எவ்வகையிலும் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியே வைக்கிறார்கள். எங்கள் பாதையில் இது செய்யப்படவில்லை என்றே தோன்றுகிறது. ஆறு மாதம் பயிற்சி செய்த ஒரு பெண் எங்கள் ஊரில் தன் முதல் அரை மாரத்தானை ஓடுகிறாள் என்றால், அவளுக்கு அந்த நானூறு மீட்டரும் உரியது.

தமிழாசிரியையின் அனுபவம் இன்னும் வருத்தமானது. 10 கிலோமீட்டர் ஓடியவர்களைத் திருப்பிவிட வேண்டிய தன்னார்வலர், தவறுதலாக இவரை அரைக் கிலோமீட்டர் முன்னதாகவே திருப்பிவிட்டார். அவருக்கு முன்னால் போனவர்கள் சரியான இடத்தில் திரும்பியிருக்கிறார்கள். “நான் ஓடியது ஒன்பதுதானே” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவருக்குக் கொடுத்த பனியன் அவருடைய முழங்காலைத் தொட்டது. பெண்களுக்கான அளவில் ஒன்றுகூட இல்லையாம். ஆனாலும் அந்த ஓட்டத்தைப் பற்றி அவர் முதலில் சொல்வது, தமக்கு முன்னே பள்ளிச் சீருடையிலேயே வெறுங்காலோடு ஓடிய எட்டு மாணவிகளைத்தான். அவர்கள் ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் கைகோத்தே எல்லைக்கோட்டைக் கடந்தார்களாம். மறுநாள் மாலை அவரைத் தேடிப் போய், வரும் ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் பத்து கிலோமீட்டரைச் சரியாக அளந்து ஓடுவதென்று பேசி முடித்தோம்.

தம்பிக்கு நேர்ந்ததுதான் என்னை உண்மையிலேயே கலங்கவைத்தது. முழு மாரத்தான் பாதை பள்ளத்தூரைத் தாண்டிக் கானாடுகாத்தான் போய், அங்கிருந்து ஆத்தங்குடி வழியாகச் சுற்றிக் காரைக்குடிக்குத் திரும்பும். கானாடுகாத்தான் வரை அவனுக்குக் குறையொன்றுமில்லை. அரண்மனை வீதியை ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஆளரவமின்றிக் கடந்ததை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறான். முப்பதாவது கிலோமீட்டரை நெருங்கும்போது தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்த கிளைகோஜன் தீரத் தொடங்கும், கால் ஈயக்குண்டாகும் என்பது எல்லா ஓட்டக்காரர்களும் எதிர்பார்ப்பதுதான். அவன் எதிர்பார்க்காதது, அந்த இடத்தில் இருக்க வேண்டிய தண்ணீர் மேசையில் காலிப் பெட்டிகள் மட்டுமே இருந்தது. அடுத்த மேசையில் ஆளே இல்லை. வேகமானவர்கள் கடந்ததுமே எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்து, மேசையில் நின்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். மணி ஒன்பது. இருபுறமும் பொட்டல். மாசி வெயில்.

ஆத்தங்குடியில் ஒரு பூக்கல் பட்டறையின் வாசலில் அவன் உட்கார்ந்துவிட்டான். அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு வார்க்கும் கற்களைப் பிறகு தொட்டி நீரில் ஊறவைப்பார்கள்; ஆகவே பட்டறையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பட்டறைக்காரர் அவனைக் குழாயடியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டுவிட்டு, குடிதண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்துக் கொடுத்திருக்கிறார். பின்னால் வந்த ஏழெட்டுப் பேருக்கும் அதையே செய்திருக்கிறார். அவர்களில் ஒருவர் மதுரையிலிருந்து வந்த, அறுபது கடந்த மனிதர். எழுந்து நிற்கவே அரை மணி நேரமாயிற்று என்றான் தம்பி.

இதற்கிடையே, முழு மாரத்தான்காரர்கள் தண்ணீரில்லாமல் தவிக்கும் செய்தி கோட்டையூர்ப் பந்தலுக்கு யார் மூலமோ எட்டியிருக்கிறது. மீதமிருந்த மோரை இரண்டு கேன்களில் ஊற்றி, சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ஆத்தங்குடிச் சாலையில் எதிர்த்திசையிலிருந்து வந்துவிட்டார்கள். தம்பி அவர்களை முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் பார்த்தான். மோர் கொடுத்துவிட்டு, இன்னும் பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அவர்கள் மேலே போனார்கள். கடைசியாக வந்த மதுரைக்காரருக்குப் பின்னால் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டே எல்லை வரை வந்திருக்கிறார்கள். அவர் வந்து சேர்ந்தபோது எல்லை வளைவைக் கழற்றிவிட்டார்கள்; நேர விரிப்பையும் சுருட்டிவிட்டார்கள். தம்பி தன் பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். ஆட்டோவில் வந்தவர்கள் இறங்கி நின்று கைதட்டினார்கள்.

அந்தக் குழுவின் பெரியவரிடம், “யாரும் கேட்காமலேயே இவ்வளவு தூரம் வந்தீர்களே” என்று நான் பிறகு தொலைபேசியில் கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை என்று நினைக்கிறேன். “கடைசி ஆளு கடக்குற வரைக்கும் பந்தலைப் பிரிக்கக் கூடாதுல்ல?” என்றார்.

அமைப்பாளர்களுக்கு நேற்றிரவு ஒரு கடிதம் அனுப்பினேன். குறை சொல்வதற்காக எழுதவில்லை. முதல் ஆண்டிலேயே இவ்வளவு பேரைச் சாலைக்குக் கொண்டுவந்தது பெரிய வேலை என்பதை முதல் பத்தியிலேயே சொன்னேன். பாதையைச் சைக்கிள் முறையில் அளக்க வேண்டும், ஓட்டத்தை அரை மணி நேரமாவது முன்னதாகத் தொடங்கித் தை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், பாட்டில்களுக்குப் பதில் டம்ளர்களும் குடங்களும் வைக்க வேண்டும், இருபத்தைந்தாவது கிலோமீட்டருக்குப் பிந்தைய மேசைகளுக்குத்தான் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பாதயாத்திரைப் பந்தல்காரர்களை அழைத்து உட்காரவைத்து, அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் மோர் குடித்த தம்பி, களைப்பில் டம்ளரைக் கையில் பிடித்தபடியே எல்லை வரை ஓடி வந்துவிட்டான். அடியில் யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள் பொறித்த பழைய எவர்சில்வர் டம்ளர். ஏதோ கல்யாணச் சீரில் வந்ததாக இருக்கும். அவன் அம்மா அதைப் புளி போட்டுத் துலக்கி அலமாரியில் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நானும் தமிழாசிரியையும் பத்து கிலோமீட்டர் ஓடப்போவது கோட்டையூர்ச் சாலையில்தான். தம்பியும் வருகிறான், டம்ளரைத் திருப்பிக் கொடுக்க.